பூட்டிய இறுவட்டும் பதினைந்து வயதுப் பையனும்



ஒஸ்லோவில் கணக்காளனாக இருக்கும் எனக்குச் சட்டப் பிரிவுகளைப் புரட்டுவது பழகிய வேலை. ஆனாலும் நோர்வேயின் பழைய தண்டனைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு ஒரு சினிமா இறுவட்டுக்காகப் பயன்பட்டது எனக்கு இன்றும் வியப்புத்தான். அடுத்தவரின் மூடிய கடிதத்தை உடைப்பதைத் தடுக்கும் பிரிவு அது. கணினித் தரவுகளும் பின்னர் அதற்குள் வந்தன. ஊரிலிருந்து உறை பிரிக்கப்பட்டு வந்த கடிதங்களைக் கண்ட எங்களுக்கு அதன் அருமை விளங்கும்.

1999 ஒக்டோபரில் டீசிஎஸ்எஸ் என்ற சிறிய மென்பொருள் இணையத்தில் வெளியானது. டிவிடி படங்களைப் பூட்டியிருந்த 40 பிட் குறியாக்கத்தை அது அவிழ்த்தது. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் அதுவரை காசு கொடுத்து வாங்கிய படத்தையும் தங்கள் கணினியில் பார்க்க முடியாமல் இருந்தார்கள். வெளியிட்டவர்களில் ஒருவர் நோர்வேப் பையன் யொன் லெக் யொஹான்சன், வயது 15. குறியாக்கத்தை உடைத்த பகுதியை எழுதியது அவரல்ல, பெயர் வெளியிடாத இன்னொருவர். ஆனால் அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் முறைப்பாட்டில், 2000 ஜனவரியில் பொலிஸ் வந்தது இவர் வீட்டுக்குத்தான்.

2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு, அது அடுத்தவரின் கடிதமல்ல என்பதே சாரம். என் கணக்கில் நேர்மையான தீர்ப்பு.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டுத் திறக்கும் கருவியைப் பரப்புவதையே தடுத்தது. இறுவட்டை வாங்கினாயா, திருடினாயா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. 2600 என்ற சஞ்சிகை அந்த மென்பொருளை வெளியிடவும், அது கிடைக்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுக்கவும் 2000 ஓகஸ்டில் தடை வந்தது. 2001 நவம்பரில் மேல் நீதிமன்றமும் தடையை ஏற்றது.

நோர்வேயும் 2005இல் சட்டத்தை மாற்றியது. முறையாக வாங்கியதை வீட்டில் பொருத்தமான கருவியில் பார்க்க வழி விட்டது. ஆனால் பூட்டை உடைக்கும் கருவியை விற்பதும் விநியோகிப்பதும் குற்றமாயின. பார்ப்பவர் ஒரு பக்கம், பரப்புபவர் மறு பக்கம்.

வயதானவர்களின் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் எங்கள் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். டிவிடி பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரற்தொகுதியைப் பல லினக்ஸ் வெளியீட்டாளர்கள் வழக்குப் பயத்தால் தங்கள் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ஆகவே புதிதாக லினக்ஸ் போட்ட கணினி டிவிடியைத் திறக்காவிட்டால், இறுவட்டு பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.