புளிப்பும் மூச்சும்

இளைப்பு நோயால் வருந்துவோர் படும் பாட்டை அறியாதார் இலர். மூச்சுக்குழல்களைச் சூழ்ந்துள்ள வரியற்ற தசை இறுகும்போது காற்றுச் செல்லும் வழி குறுகிவிடுகிறது. இத்தகைய தசையின் இறுக்கத்தோடு அமிலத்துக்கும், சுண்ணாம்பின் சத்தாகிய கால்சியத்துக்கும் உள்ள உறவை மனிதன் அறிந்த வரலாறு சுவையானது. அது தொடங்கியது நுரையீரலில் அன்று, தவளையின் இருதயத்தில்.

கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் வால்டர் கேஸ்கெல், 1880ஆம் ஆண்டில், தவளையின் இருதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் மிக நீர்த்த லாக்டிக் அமிலத்தைச் செலுத்தினார், தசை தளர்ந்தது. காரக் கரைசலைச் செலுத்தினார், தசை சுருங்கியது. உழைக்கும் உறுப்பில் பிறக்கும் அமிலமே அதற்கு இரத்தம் மிகுதியாகப் பாய வழி திறக்கிறது என அவர் கருதினார். ஆயினும், அமிலம் தசையில் எதனைத் தாக்குகிறது என்பது அன்று விளங்கவில்லை.

திறவுகோல் லண்டனில் கிடைத்தது. உப்புக் கரைசலில் தவளையின் இருதயம் நெடுநேரம் துடிப்பதாக மருத்துவர் சிட்னி ரிங்கர் 1882இல் எழுதினார். அக்கரைசல் வாலையில் வடித்த நீரால் அன்றிக் குழாய் நீரால் செய்யப்பட்டது என்பது பின்னரே தெரியவந்தது. வடித்த நீரில் செய்த கரைசலில் இருதயம் விரைவில் ஓய்ந்தது. சிறிது கால்சியம் சேர்த்ததும் துடித்தது. இவ்வுண்மையை அவர் 1883இல் வெளியிட்டார்.

கால்சியம் தசையணுவினுள் எவ்வாறு நுழைகிறது? 1953இல் பால் ஃபாட், பெர்னார்ட் காட்ஸ் ஆகியோர், சோடியம் இல்லாதபோதும் நண்டின் தசையில் மின்கிளர்ச்சி எழுவதைக் கண்டனர். கால்சியம் உட்புகுவதே அதன் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அணுச்சவ்வில் கால்சியத்துக்கென்றே நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றின் உட்புறத்தில் எதிர்மின் ஏற்றம் கொண்ட இடங்கள் கால்சியத்தை ஈர்க்கின்றன. அமிலம் மிகும்போது ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடங்களைப் பற்றிக்கொள்கின்றன. கால்சிய ஓட்டம் குறைகிறது. ஒற்றை வாயிலிலேயே இந்நிகழ்ச்சியை அளந்து காட்டிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. கேஸ்கெல் கண்ட தளர்ச்சிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

அங்ஙனமாயின், இளைப்புக்கு அமிலம் மருந்தாகுமோ என்று நேயர்கள் வினவலாம். ஆகாது. மூச்சுத் தசை, அணுவினுள் சேமித்துள்ள கால்சியத்தைக் கொண்டும் இறுகவல்லது. ஆதலால், வாயில்களை அடைத்து இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் மருந்துகள் இளைப்புக்கு நிலையான மருந்தாகவில்லை. மேலும், இரைப்பையின் அமிலம் மேலெழுந்து மூச்சுவழியைத் தீண்டினால், நரம்பு முனைகள் கிளர்ந்து இருமலும் இறுக்கமும் விளையும். கடுமையான இளைப்பில் கரியமிலவாயு தேங்கி இரத்தத்தில் அமிலம் மிகுவது, உயிருக்கே இடர் நேர்ந்ததன் அறிகுறி. உடனே மருத்துவமனையை நாடவேண்டும்.

தனித்த தசையணுவைத் தளர்த்தும் பொருளே முழு உடலில் மூச்சை நெருக்கவும் கூடும். ஒரு பொருள் நன்றா தீதா என்று கேட்குமுன், எவ்விடத்தில், எவ்வளவு என்று கேட்பதே அறிவுடைமை.