கற்பனை டாங்கிகளின் காகித மாதிரியுருக்கள்

கற்பனை டாங்கிகளின் காகித மாதிரியுருக்கள் என்பவை, கதைகளிலும் விளையாட்டுக்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே காணப்படும் டாங்கிகளை, அச்சிட்ட தடித்த காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டி முப்பரிமாணத்தில் உருவாக்கும் மாதிரிகள் ஆகும். நெகிழி மாதிரிகளுக்குப் பெரும்பாலும் பாகங்களை இணைத்த பின்னர் வண்ணம் பூசப்படுகிறது. காகித மாதிரிகளில் நிறம் பாகங்களுடன் சேர்த்தே அச்சிடப்படுகிறது. ஆகவே நிறத்தை மாற்ற விரும்புவோர், வெட்டத் தொடங்கும் முன்னரே அச்சுப் படத்தைத் திருத்த வேண்டும். இவ்வாறு திருத்துவது மறுநிறமூட்டல் எனப்படுகிறது.

வரலாறு

கற்பனை டாங்கி உண்மை டாங்கியை விட மூத்தது. லியொனார்டோ டா வின்சி 1487 அளவில் கூம்பு வடிவக் கூரையும் சுற்றிலும் பீரங்கிகளும் கொண்ட போர் வண்டி ஒன்றை வரைந்தார். இவ்வரைபடம் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. எச். ஜி. வெல்ஸ் 1903 இல் வெளியிட்ட சிறுகதை ஒன்றில் "நிலப் போர்க்கப்பல்கள்" போரிடுகின்றன. பிரித்தானியாவின் மார்க் 1 டாங்கி 1916 செப்டம்பர் 15 அன்று சொம் போரில் முதன்முதலாகக் களமிறங்கியது.

நாற்சந்தி அறிவியல் புனைவுகளிலும் விளையாட்டுக்களிலும் பின்னர் பல டாங்கிகள் தோன்றின. அவற்றுள் பெயர் பெற்றவை, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 என்னும் மேசை விளையாட்டின் ஊர்திகள் ஆகும். இவ்விளையாட்டின் லெமன் ரஸ் டாங்கியில் சங்கிலிப் பட்டைகள் உடற்பகுதியின் பக்கங்களை முழுமையாகச் சுற்றிச் செல்கின்றன. இது மார்க் 1 இன் அமைப்பை ஒத்தது.

காகித மாதிரிக் கலைக்கும் தனி வரலாறு உண்டு. போலந்தில் 1957 இல் தொடங்கப்பட்ட "மாவி மொடேலாஷ்" இதழ், விமானம், கப்பல், டாங்கி முதலியவற்றின் மாதிரிகளை அச்சிட்டு மலிவாக வழங்கியது. டாங்கிகளுக்கு 1:25, விமானங்களுக்கு 1:33, கப்பல்களுக்கு 1:200 என்னும் அளவுத்திட்டங்கள் போலந்துக் காகித மாதிரிகளில் வழக்கமாயின.

வடிவவியல்

ஒரு திண்மப் பொருளின் பரப்பைத் தட்டையாக விரித்து வரைந்த படம் விரிப்புப் படம் எனப்படும். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525 இல் வெளியிட்ட அளவியல் நூலில் பன்முகிகளின் விரிப்புப் படங்களை வரைந்துள்ளார்.

எல்லாப் பரப்புக்களையும் காகிதத்தால் செய்ய இயலாது. கோளப் பரப்பைச் சுருக்கமோ கிழிசலோ இன்றித் தட்டையாக்க முடியாது என்பது காஸ் 1827 இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து பெறப்படுகிறது. தட்டையான முகங்கள், உருளை, கூம்பு ஆகியன எளிதில் விரியும். டாங்கியின் கவசம் பெரும்பாலும் தட்டைத் தகடுகளாலும், பீரங்கிக் குழல் உருளையாலும் ஆனவை. எனவே டாங்கிகள் காகிதத்துக்கு மிகவும் ஏற்றவை.

எடுத்துக்காட்டாக, லியொனார்டோவின் வண்டிக் கூரையை 6 செ.மீ. ஆரமும் 8 செ.மீ. சாயுயரமும் கொண்ட கூம்பாகச் செய்ய வேண்டுமெனின், தேவையான வட்டக்கோணப் பகுதியின் கோணம் 360 × 6 ÷ 8 = 270 பாகை ஆகும். 8 மி.மீ. விட்டமுள்ள பீரங்கிக் குழலுக்கு ஏறத்தாழ 25.1 மி.மீ. அகலமுள்ள பட்டையும், அதனுடன் ஒட்டுவதற்கான கூடுதல் விளிம்பும் தேவை.

கட்டும் முறை

உடற்பகுதிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ள காகிதம் பயன்படுகிறது. நுண்ணிய பாகங்களுக்கு மெல்லிய தாள் ஏற்றது. வேலை பின்வரும் ஒழுங்கில் நடைபெறுகிறது.

1. மடிப்புக் கோடுகளை மழுங்கிய முனையால் அழுத்திக் கீறுதல். வெட்டிய பின்னர் கீறினால் சிறு பாகங்கள் நழுவும்.
2. பாகங்களைக் கூரிய கத்தியால் வெட்டுதல்.
3. வெட்டிய விளிம்புகளில் தெரியும் வெண்மையை அதே நிறத்தால் மறைத்தல்.
4. ஒட்டுப்பட்டைகளை மடித்து, பசையைக் குறைவாகத் தடவி ஒட்டுதல்.
5. உடற்பகுதி, சக்கரங்கள், சங்கிலிப் பட்டைகள், சுழல்கோபுரம் ஆகியவற்றைத் தனித்தனியே முடித்து இணைத்தல்.

அளவுத்திட்டத்தை மாற்றுவது எளிது. 1:25 மாதிரியை 71.4 விழுக்காடு அளவில் அச்சிட்டால் 1:35 மாதிரி கிடைக்கும். ஆனால் காகிதத்தின் தடிப்பு சுருங்குவதில்லை. எனவே பெரிதும் சுருக்கிய மாதிரிகளில் ஒன்றினுள் ஒன்று செருகும் பாகங்கள் பொருந்தாமல் போகும்.

ஒரே விரிப்புப் படத்திலிருந்து பல ஊர்திகளையும் பெறலாம். வார்ஹாமர் 40,000 இன் பிரிடேட்டர் டாங்கி, ரைனோ கவச ஊர்தியின் உடற்பகுதியைக் கொண்டது. ரைனோவைக் கட்டத் தெரிந்தவர் சுழல்கோபுரமும் பக்க ஆயுதங்களும் சேர்த்துப் பிரிடேட்டரைக் கட்ட முடியும்.

மறுநிறமூட்டல்

உண்மை டாங்கிகளின் நிறத்துக்கு வரலாற்றுச் சான்று தேவை. 1916 இல் மார்க் 1 டாங்கிகளுக்கான பலநிற உருமறைப்பை சாலமன் ஜே. சாலமன் என்னும் ஓவியர் வகுத்தார். செருமானியக் கவச ஊர்திகளுக்கு 1943 பெப்ரவரி முதல் கரும் மஞ்சள் அடிப்படை நிறமானது. கற்பனை டாங்கிகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. எனினும் கதையுலகின் மரபுகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. வார்ஹாமர் 40,000 இல் அல்ட்ராமரீன்ஸ் படையின் ஊர்தி நீலமாகவும், பிளட் ஏஞ்சல்ஸ் படையினது சிவப்பாகவும், சாலமாண்டர்ஸ் படையினது பச்சையாகவும் இருக்கும். ஆகவே ஒரு படைக்கென வரையப்பட்ட கோப்பை மற்றொரு படைக்கு மாற்றுவதே மறுநிறமூட்டலின் பொதுவான நோக்கம் ஆகும்.

கிம்ப், போட்டோசாப் போன்ற மென்பொருட்களில், சாயலை மட்டும் மாற்றும் வசதி கருப்பு, வெள்ளை, சாம்பல் பகுதிகளில் பயன் தராது. அவற்றில் நிறச்செறிவு இல்லாமையே காரணம். சாம்பல் நிறப் படத்தின் மேல் வண்ண அடுக்கை வைத்து, அதனைப் "பெருக்கல்" முறையில் கலப்பது நல்ல பலன் தரும். 0 முதல் 255 வரையான அளவில் 128 மதிப்புள்ள சாம்பல் புள்ளியின் மேல் (200, 40, 30) என்னும் சிவப்பை வைத்தால் ஏறத்தாழ (100, 20, 15) கிடைக்கும். கருப்புக் கோடுகள் கருப்பாகவே இருக்கும். வெள்ளை முழுச் சிவப்பாகும். இதனால் தகட்டு இணைப்புக்களும் நிழல்களும் அழியாமல் நிறம் மட்டும் மாறுகிறது.

உருமறைப்புத் திட்டுக்கள் கடினமானவை. மாதிரியில் அடுத்தடுத்து அமையும் இரு விளிம்புகள் தாளில் வெவ்வேறு மூலைகளில் இருக்கலாம். அவ்விரண்டிலும் திட்டு ஒரே இடத்தில் முடியாவிட்டால், ஒட்டிய பின்னரே பிழை தெரியவரும். அப்போது திருத்த வழியில்லை. இதனைத் தவிர்க்க, வெள்ளைத் தாளில் சோதனை மாதிரி ஒன்றைக் கட்டி, அதன் மேல் பென்சிலால் திட்டுக்களை வரைந்து, பிரித்து விரித்துப் படியெடுப்பர். முப்பரிமாணக் கோப்பு இருப்பின், பிளெண்டர் போன்ற மென்பொருளில் மாதிரியின் மேலேயே நிறமூட்டி, யப்பானிய மென்பொருளான பெப்பகுரா டிசைனர் மூலம் விரிக்கலாம்.

ஒட்டுப்பட்டைக்கும் வெளிக்கோட்டுக்கும் அப்பால் ஓரிரு மில்லிமீட்டர் நிறத்தை நீட்டுவது நன்று. வெட்டு சற்று விலகினாலும் வெண்மை தோன்றாது.

அச்சிடல்

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் செறிவில் ஏ4 தாள் ஒன்று 2480 × 3508 படப்புள்ளிகள் கொண்டது. திரையின் நிறமும் தாளின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே நிறங்களைச் சிறு கட்டங்களாக அச்சிட்டுப் பார்த்துத் தெரிவு செய்வர். சாயமை கொண்ட மைத்தாரை அச்சு நீர் கலந்த பசை பட்டால் கசியும். லேசர் அச்சின் தூள்மை மடிப்புக்களில் உதிரும். ஒரு மாதிரியின் எல்லாத் தாள்களையும் ஒரே அச்சுப்பொறியில், ஒரே வகைக் காகிதத்தில் அச்சிட்டால் நிற வேறுபாடு குறையும்.

உரிமை

மறுநிறமூட்டிய கோப்பு ஒன்றில் மூவரின் உழைப்பு அடங்கியிருக்கலாம்: டாங்கியைக் கற்பனை செய்தவர், விரிப்புப் படத்தை வரைந்தவர், நிறத்தை மாற்றியவர். விரிப்புப் படத்தை வரைவதே இவற்றுள் பொறுமை மிகுதியாக வேண்டும் பணி. நிறம் மாற்றுபவர் கோப்பிலுள்ள பெயரை அழித்துவிட்டால் அவ்வுழைப்பு யாருடையது என்பது மறைந்துவிடும். எனவே மூல வடிவமைப்பாளரின் பெயரை விடாது குறிப்பிடுவதும், மாற்றிய கோப்பைப் பகிரும் முன் அனுமதி பெறுவதும் நல்ல மரபுகள் ஆகும். 2002 இல் முதன்முதலாக வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் "வழிப்பொருள் ஆக்கல் கூடாது" என்னும் கட்டுப்பாடு கொண்ட உரிமத்தின் கீழ் வெளியான படத்தை, நிறம் மாற்றிப் பிறருக்கு வழங்க இயலாது. இலவசமாகக் கிடைக்கும் கோப்பு, விரும்பியவாறு மாற்றி வெளியிடத் தக்கது என்று பொருளாகாது.

இவற்றையும் பார்க்க

ஒரிகாமி
பன்முகி
உருமறைப்பு
கிம்ப்