பழவேற்காட்டுச் சேறும் பேங்க் கடனும்

பங்காருபாளையத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்களைப் பிரித்தபோது, நெல்லூரிலிருந்த சூளூர்பேட்டையும் தடாவும் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. கூடவே பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதியும். ஆக, எங்கள் பக்கத்து மாவட்டத்துக்கே உப்புத்தண்ணீர் வந்துவிட்டது! அந்த ஏரியில் விழும் ஆரணியாறு பழைய சித்தூர் மாவட்டத்து மலைகளில் பிறப்பதுதான்.

பழவேற்காடு என்றால் டச்சுக் கோட்டையும் பூநாரையும்தான் நமக்கு ஞாபகம் வரும். எனக்கு அதன் சேற்றைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஏரி ஆழமில்லாதது, வெயில் தரைவரை இறங்கும். அங்கே சேற்றின்மேல் பழுப்பாகப் படிந்திருப்பவை டயாட்டங்கள். ஒரே செல், சிலிக்காவில் ஓடு. சேற்றில் வழுக்கி நகரும், வெளிச்சத்துக்கு மேலே ஏறி வரும். அவை கசியும் பசைதான் சேற்றைக் கரையாமல் பிடித்து வைக்கிறது. மடவை மீன் அதை மேய்ந்துதான் வளர்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் உப்பின் அளவு மாறும், எந்த டயாட்டம் பிழைக்கும் என்பதும் மாறும்.

இந்தப் படிப்புக்கு நம் ஊரில் நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் பாசி ஆய்வைத் தொடங்கி வைத்தார். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1980களில் டயாட்டம் படத்தொகுதிகளே வெளியிட்டார்.

இனி என் தொழில் பக்கம். 1990களில் கிழக்குக் கடற்கரை முழுக்க இறால் பண்ணை மோகம். பேங்குகளும் கடன் கொடுத்தன. குளத்தில் உரம் போட்டு டயாட்டம் வளர்ப்பார்கள். தண்ணீர் பழுப்பானால் நல்ல அறிகுறி. ஏரி சும்மா கொடுத்ததைக் காசு போட்டு வாங்கினோம்! பண்ணைக் கழிவு போய்ச் சேர்ந்ததோ கழிகளுக்கும் ஏரிகளுக்கும். 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் காலியாயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குளம் கூடாது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளுக்குப் பதிவு முறை கொண்டுவந்தது.

கடன் விண்ணப்பத்தில் மோட்டார், தீவனம், குஞ்சு எல்லாவற்றுக்கும் விலை போடுவோம். சேற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் மடவை பிடிப்பவரின் மூலதனமே அந்தச் சேறுதான். மூலதனத்தைத் தின்றுவிட்டு லாபம் என்று எழுதுவதை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார், சொல்லுங்கள்?

அடுத்த லீவில் பிள்ளைகளோடு திருப்பதி போகிறவர்கள் சூளூர்பேட்டைப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். பூநாரையைக் காட்டுங்கள். அது குனிந்து அலசுகிற சேற்றையும் காட்டுங்கள்.