பெயர்ப்பலகையும் கூரைவளைவும்: தமிழகக் கடற்கரையில் ‘சீனக் கட்டடம்’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கட்டடத்தைச் ‘சீனம்’ என அடையாளப்படுத்த அதன் தோற்றம் மட்டும் போதிய சான்றாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பல்லவர் கோயிலொன்றைப் பற்றிய சீனக் குறிப்பு, நாகப்பட்டினத்துச் செங்கற்கோபுரம், சுவான்சௌ துறைமுகத்துத் தமிழ்க் கல்வெட்டு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பல்லவர், தாங் அரசு, மாமல்லபுரம், நாகப்பட்டினம், கட்டடக் குறியீடு

முன்னுரை

ஆலிவுட்டில் 1927இல் திறக்கப்பட்ட ‘சீனத் திரையரங்கு’ வளைகூரை, செந்நிறத் தூண்கள், டிராகன் சிற்பம், வாயிற்காவல் விலங்குகள் ஆகியவற்றால் தன்னைச் சீனமாகக் காட்டிக்கொள்கிறது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்காவில் 1989இல் அதன் முகப்பு மீளவும் எழுப்பப்பட்டது. பார்த்த அளவில் சீனம் எனத் தோன்றச் செய்வதே அங்கு இக்குறியீடுகளின் பணியாகும். தோற்றத்தைக் கொண்டு மூலத்தைத் துணியும் இப்பழக்கம் வரலாற்றாய்விலும் நுழைவதுண்டு. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்ததையொட்டிப் பல்லவர் – சீனர் உறவு பரவலாகப் பேசப்பட்டது. அவ்வுறவு கட்டடக்கலையில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை வரையறுத்துக் காண்பது இன்றியமையாதது.

தாங் வரலாற்றுக் குறிப்பு

‘பழைய தாங் வரலாறு’ என்னும் சீன நூல், கி.பி. 720இல் தென்னிந்திய அரசனிடமிருந்து வந்த தூதைப் பதிவுசெய்கிறது. அதில் காணப்படும் அரசன் பெயர் ‘ஸ்ரீ நரசிம்ம போத்தவர்மன்’ என்பதன் சீன ஒலிபெயர்ப்பாகும். அவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனே. அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையை அளிக்க முன்வந்த அவன், அப்படைக்கு ஒரு பெயர் வேண்டினான். பேரரசர் சுவான்சோங் ‘நற்பண்பைப் போற்றும் படை’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். அவ்வாண்டின் ஒன்பதாம் மாதத்தில், தான் கட்டிய கோயிலுக்குப் பெயர்ப்பலகை வேண்டினான். ‘குய்ஹுவா’ என்ற பெயர் அருளப்பட்டது. பண்பாட்டின்பால் திரும்புதல், அரசுக்கு அடங்கிவருதல் என்னும் பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு.

இக்குறிப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. கோயிலைக் குறிக்கும் ‘ஸு’ என்னும் சொல் பெரும்பாலும் பௌத்தப் பள்ளியைச் சுட்டுவது. ‘நாட்டின்பொருட்டு’ என்ற தொடர் சீனத்தைக் குறிப்பதாகவே பெரிதும் கொள்ளப்பட்டாலும், மூலத்தில் எந்நாடு என்பது வெளிப்படையாக இல்லை. கோயில் இருந்த ஊரோ அதன் வடிவமோ கூறப்படவில்லை. ஆகவே இக்கோயிலின் ‘சீனத்தன்மை’ பெயரில் மட்டுமே சான்றுபெறுகிறது. பல்லவன் கேட்டது பலகையை, கூரையை அன்று. மேலும், சமநிலை அரசர்களின் நட்பாகப் பல்லவன் கருதியிருக்கக்கூடிய ஒன்றைச் சீன அவை பணிதலாகப் பதிந்துகொண்டது என்பதையும் இப்பெயர் உணர்த்துகிறது.

சிங்கத்தூண்கள்

பல்லவர் சிங்கத்தூண்களைச் சீனக் காவற்சிங்கங்களோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. எனினும் மாமல்லபுரத்தின் அமர்ந்த சிங்கத்தூண்களுள் பலவற்றை அறிஞர் பலர் ஏழாம் நூற்றாண்டின் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தனவாகக் கொள்வர். அவ்வாறாயின் அவை 720ஆம் ஆண்டுத் தூதிற்கு முற்பட்டவை. மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மனுடையவை என்ற இரா. நாகசாமியின் கருத்தை ஏற்பினும், சிங்கம் சீனத்திற்கு இயற்கையாக உரிய விலங்கன்று. அதன் உருவம் அங்குப் பரவியதில் பௌத்தத்திற்குப் பெரும்பங்குண்டு. இந்தியத் தூண்களில் அசோகர் காலம் முதலே சிங்கம் உண்டு. எனவே இவ்வொப்புமை சீனத் தாக்கத்தை மெய்ப்பிக்காது.

நாகப்பட்டினத்துக் கோபுரம்

ஐரோப்பியர் ‘பகோடா’ என்ற சொல்லைக் கோயில் எதற்கும் வழங்கினர். மாமல்லபுரம் ‘ஏழு பகோடாக்கள்’ ஆனது அவ்வாறே. நாகப்பட்டினத்தில் ‘சீனப் பகோடா’ எனப்பட்ட சதுரச் செங்கற்கோபுரத்திற்குப் புதுவெளிக்கோபுரம் என்றும், சமணப் பகோடா என்றும் பெயர்கள் இருந்தன. 1846இல் அதனைக் கண்ட வால்டர் எலியட், கூரையற்ற மூன்றடுக்குக் கட்டடமாக வருணித்துள்ளார். 1867இல் அது இடிக்கப்பட்டது.

சீனப் பயணி வாங் தாயுவான் 1349இல் எழுதிய நூல், இக்கடற்கரையிலிருந்த செங்கற்கோபுரமொன்றில் 1267க்குரிய சீன எழுத்துப்பொறிப்பு இருந்ததாகக் கூறுகிறது. ஆய்வாளர் பலர் அதனை இக்கோபுரமாகவே கருதினர். 1006ஐச் சார்ந்த சூடாமணிவர்ம விகாரத்தோடும் இக்கோபுரம் இணைத்துப் பேசப்படுகிறது. அது ஸ்ரீவிஜய அரசரின் கொடை. ஒரே கட்டடத்தைச் சீனமாகவும் சமணமாகவும் ஸ்ரீவிஜயமாகவும் காண இடமுண்டு என்பதே தோற்றச் சான்றின் எல்லையைக் காட்டும்.

சுவான்சௌ

எதிர்த்திசையில் நிலைமை தெளிவானது. சுவான்சௌவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சம்பந்தப்பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்திற்காகத் திருக்கதலீசுவரம் உடையாரை எழுந்தருளச் செய்ததைத் தமிழில் கூறுகிறது. இறுதியில் ஒரு சீன வரியும் உண்டு. அந்நகரில் எஞ்சியுள்ள சைவ, வைணவச் சிற்பங்கள் தென்னிந்திய வடிவை உறுதிசெய்கின்றன. அங்கு எழுத்தும் வடிவமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தமிழகக் கரையில் எழுத்துச் செய்தி மட்டுமே நிற்கிறது.

முடிவுரை

பல்லவர் – சீனர் உறவு உண்மையானது. அதற்குச் சீன நூற்குறிப்பே சான்று. ஆயின் அதனைக் கற்றூண்களில் தேடுவது, பூங்கா அரங்கின் முகப்பைக் கண்டு சீனத்தை அறிந்துவிட்டதாகக் கருதுவதை ஒக்கும். ஓர் அரசன் தன் மண்ணின் கட்டட மரபைக் கைவிடாமலேயே தொலைநாட்டுப் பேரரசரின் எழுத்தைத் தன் கோயிலுக்கு வேண்டிப் பெறக்கூடும். செங்கல்பட்டு, நாகப்பட்டினக் கடற்கரைகளில் மேற்கொள்ளப்படும் இனிவரும் ஆய்வுகள் சீன வடிவத்தைத் தேடுவதினும் சீன எழுத்து, மட்கலம், நாணயம் ஆகியவற்றைத் தேடுவது பயன்மிகுதியுடையதாகும்.