வேலூரிலிருந்து தில்லிக்கு: ஒரு கொழுப்புக் குமிழியின் வரலாறு

2021 மே மாதம். கொரோனாவிலிருந்து மீண்டவர்களைக் கரும்பூஞ்சை நோய் தாக்கியபோது, தில்லியில் நோயாளிகளின் உறவினர்கள் தேடி அலைந்த மருந்து லிபோசோமல் ஆம்போடெரிசின்-பி. ஜூன் 1 அன்று தில்லி உயர்நீதிமன்றம், இருக்கும் சிறிதளவு மருந்தை யாருக்கு முதலில் அளிப்பது என்று தெளிவான கொள்கை வகுக்குமாறு மத்திய அரசிடம் கூறியது. இளையோருக்கு முன்னுரிமை என்ற கடினமான கருத்தும் அன்று முன்வைக்கப்பட்டது. அம்மருந்தின் இந்திய வடிவம் ஒன்று உருப்பெற்றதில் அதே நகரின் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆம்போடெரிசின்-பி 1950களில், வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சையின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு அச்சவ்வில் துளையிடுவது அதன் இயல்பு. மனித உயிரணுச் சவ்விலுள்ள கொலஸ்டிராலையும் அது ஓரளவு பற்றும். அதனால் நோயாளி குளிர்காய்ச்சலில் நடுங்குவார், சிறுநீரகம் பழுதுபடும். உயிர்காக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டிய நிலை மருத்துவர்களுக்குப் பலமுறை நேர்ந்தது.

தீர்வு வேறொரு துறையிலிருந்து வந்தது. 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம், கொழுமங்கள் நீரில் தாமாகவே மூடிய குமிழிகளாக அமைவதைக் கண்டார். கிரேக்கத்தில் கொழுப்பையும் உடலையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து ‘லிபோசோம்’ என்ற பெயர் நிலைத்தது. ஆம்போடெரிசினை இக்குமிழியின் சுவரில் பொதித்துவிட்டால், மனித உயிரணுக்களைத் தீண்டுவது குறைகிறது. பூஞ்சையைத் தாக்கும் திறனோ எஞ்சுகிறது.

இந்தியாவில் இவ்வழியில் முன்நடந்தவர் உயிர்வேதியியலாளர் பிமல் குமார் பச்சாவத் (1925–1996). வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தெடுத்து, பின்னர் கொல்கத்தாவில் ஆய்வு நிறுவனமொன்றை நடத்தி, இறுதியாகத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்துக்கு வந்தவர். அங்கு உருவான லிபோசோம் மருந்தை நோயாளிகளிடம் சோதித்தறியும் பணியை, மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷீர்சாகர் தலைமையிலான குழு மேற்கொண்டது. பின்னர் அது ‘ஃபஞ்சிசோம்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பூஞ்சை நோய்களுக்கு மட்டுமன்றி, பீகாரை வாட்டிய காலா அசார் நோய்க்கும் அது பயன்பட்டது.

இதன் நுட்பம் சிறு விவரங்களில் உள்ளது. பழைய ஆம்போடெரிசின் உப்புநீரில் திரிந்து படியும்; ஆகவே குளுக்கோஸ் கரைசலில்தான் ஏற்றினர். ஃபஞ்சிசோமை உப்புநீரிலேயே ஏற்றலாம். அந்த உப்பே சிறுநீரகத்துக்கு ஒரு காப்பு. ஆனால் ஏற்றுமுன் மீயொலிக் கருவியில் 45 நிமிடம் அதிரவைத்துக் குமிழிகளின் அளவைச் சிறுக்க வேண்டும். தொழிற்சாலையின் இறுதிக்கட்ட வேலை இவ்வாறு மருத்துவமனைக்கு மாறியது. விலை குறைந்த மருந்துக்குச் செவிலியரின் முக்கால் மணிநேரமும் ஒரு கருவியும் தேவைப்பட்டன.

இவ்வகைக் குமிழிகள் பல, 100 நானோமீட்டர் அளவின. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. எனினும் இதைச் செய்தோர் தம்மை நானோ பொறியாளர் என அழைத்துக்கொள்ளவில்லை. ‘நானோடெக்னாலஜி’ என்ற சொல்லை 1974இல் நோரியோ தானிகுச்சி பயன்படுத்தியது பொருள்களை நுட்பமாகச் செதுக்கும் தொழிலைக் குறிக்கவே. இந்திய அரசின் நானோ திட்டம் தொடங்கியது 2007இல். துறைக்குப் பெயர் வருமுன்பே அதன் பணி நடந்துவிட்டது. பெயரைப் பின்தொடர்ந்து வரலாறு எழுதுவோர், வேலூரையும் தெற்கு வளாகத்தையும் எளிதில் தவறவிடுவர்.

2021 இன்னொன்றையும் காட்டியது. மருந்தைச் செய்யும் அறிவு நாட்டில் இருந்தது. உயர்தூய கொழுமங்களுக்கோ பெரிதும் இறக்குமதியை நம்பவேண்டியிருந்தது. குமிழியை வடிவமைக்கும் ஆய்வுக்குக் கிடைத்த மதிப்பு, அதற்கான மூலப்பொருளை உள்நாட்டில் ஆக்கும் பொறியியலுக்குக் கிடைக்கவில்லை. உயர்நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி சட்டத்தின் கேள்வியாகத் தோன்றினாலும், அதன் வேர் இந்த இடைவெளியிலும் இருந்தது.