நகரும் குமிழியும் எண்ணப்படாத வருடங்களும்

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் சுவரில் விழுவது ஒரு டேஷ்போர்ட்தான். பாடசாலைகளின் பெறுபேறுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும். மேலே உள்ள பட்டையை இழுத்தால் வருடம் மாறும். ஒரு கட்டத்தைத் தொட்டால் பாடம் பாடமாகப் பிரியும். அதைப் பற்றி நாம் முன்பு இரண்டு வரி எழுதியபோது, இதை எப்படிச் செய்வது, புதிதாக என்னென்ன வசதிகள் சேர்ந்திருக்கின்றன என்று பலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறோம் என்று சொல்லி நோன்பு விடுமுறை வரை இழுத்துவிட்டோம், மன்னிக்கவும். பதிவு கொஞ்சம் நீளம். நோன்பு திறந்த பிறகு ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

நாம் தொழில்நுட்பக்காரர் அல்ல, வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆகவே வசதிகளைப் பட்டியலிடுவதை விட அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லத்தான் நமக்கு வரும்.

டேஷ்போர்ட் என்ற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரையின் குளம்பு கிளப்பும் சேறு வண்டியோட்டியின் மேல் தெறிக்காமல் முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதன் பெயர்தான் அது. பிறகு கார் வந்தது. வேகமானியும் எண்ணெய் முள்ளும் அதே இடத்தில் ஏறின. சேற்றை மறைக்க வந்த பலகை, தகவலைக் காட்டும் பலகையாகிவிட்டது. அது எதையோ மறைக்க வந்த பலகை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்களைப் படமாக வரைவது பழைய வேலை. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபெயார் 1786இல் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் வரையும் சலாகை வரைபின் மூத்தவர் அவர். ஆனால் தாளில் வரைந்த படத்தோடு பேச முடியாது. அது காட்டுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். "இந்தப் பகுதியை மட்டும் காட்டு" என்று கேட்டால் இன்னொரு தாளில் முதலிலிருந்து வரைய வேண்டும்.

படத்தைக் கேள்வி கேட்கும் வசதி பெரும்பாலும் கணினியோடு வந்தது. அதில் நமக்குப் பிடித்த கட்டம் 1992. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனும் அவருடைய மாணவர் கிறிஸ்டோபர் வில்லியம்சனும் 'ஹோம்ஃபைண்டர்' என்ற ஒன்றைச் செய்தார்கள். வாஷிங்டன் நகர வரைபடத்தில் விற்பனைக்குள்ள வீடுகள் புள்ளிகளாக இருக்கும். பக்கத்தில் விலைக்கு ஒரு இழுக்கும் பட்டை, அறைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. பட்டையை இழுக்க இழுக்கப் புள்ளிகள் அணைந்தும் எரிந்தும் போகும். கேள்வியை எழுத்தில் தட்டச்சு செய்யத் தேவையில்லை, விரல் நகர்ந்தாலே அது கேள்வி. இன்று எந்த டேஷ்போர்ட்டிலும் நீங்கள் இழுக்கும் வருடப் பட்டையும் விலைப் பட்டையும் இந்த வழியில் வந்தவைதான்.

அடுத்தது 'பிளே' பொத்தான். அந்தக் கதையில் நம் நாடும் வருகிறது.

ஹான்ஸ் ரோஸ்லிங் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர். இளமையில் மொசாம்பிக்கின் நக்காலா பகுதியில் வேலை செய்தவர். பின்னர் ஸ்டொக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உலக சுகாதாரம் படிப்பித்தார். பாடத்தைத் தொடங்குமுன் மாணவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தார். ஐந்து சோடி நாடுகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றின் சிறுவர் இறப்பு வீதம் மற்றதைப் போல இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். எது அதிகம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சோடிகளில் ஒன்று இலங்கையும் துருக்கியும்.

சுவீடனின் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்துக்குச் சராசரியாக 1.8 விடைதான் சரியாகச் சொன்னார்கள். சிம்பன்சிக் குரங்கிடம் இரண்டு வாழைப்பழங்களில் நாட்டின் பெயரை ஒட்டிக் கொடுத்தால் அது 2.5 எடுத்திருக்கும் என்று ரோஸ்லிங் பின்னர் வேடிக்கையாகச் சொல்வார். சரியான விடை துருக்கி. அன்று இலங்கையில் பிள்ளைகள் இறந்தது அதில் பாதியளவுதான். களுத்துறையில் 1926இல் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு, வீடு வீடாக நடந்த மிட்வைஃப்மார், இலவச வைத்தியம், 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் படித்த தாய்மார் என்று அதற்குப் பின்னால் நீண்ட வேலை இருந்தது. சுவீடன் மாணவர்களுக்கு அது தெரியாது என்பது மட்டுமல்ல. தெரியும் என்று நினைத்ததுதான் சிக்கல். குரங்கு தன் பாட்டில் ஊகிக்கும். இவர்களோ ஆசிய ஏழை நாடு என்ற எண்ணத்தை வைத்து விடை எழுதினார்கள்.

அந்த எண்ணத்தை உடைக்க ரோஸ்லிங் குமிழி வரைபைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி; சனத்தொகை பெரிதானால் குமிழி பெரிது. ஒரு அச்சில் வருமானம், மற்றதில் ஆயுள் அல்லது சிறுவர் இறப்பு. மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும் அதற்கு உயிர் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிய 'ட்ரெண்டலைசர்' மென்பொருளில் பொத்தானை அமுக்கினால் வருடங்கள் ஓடும், குமிழிகள் மிதந்து நகரும். 2005இல் மூவரும் சேர்ந்து 'கேப்மைண்டர்' அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2006இல் ரோஸ்லிங் டெட் மேடையில் கால்பந்து வர்ணனையாளர் மாதிரி அந்தக் குமிழிகளுக்குக் குரல் கொடுத்த காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பயிற்சிக் கலாசாலையில் அதை முதன்முதலில் பார்த்த அன்று நாம் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். புள்ளிவிபரம் என்றால் தூக்கம் என்று நினைத்திருந்த வகுப்பு முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

அதே பேச்சில் அவர் இன்னொரு வசதியையும் காட்டினார். நமக்கு 'பிளே' பொத்தானை விட அதுதான் பெரிதாகப் பட்டது. ஆபிரிக்கா என்ற ஒரே குமிழியைத் தொட்டு நாடுகளாகப் பிரித்தார். பிறகு உகண்டாவை எடுத்து வருமானப்படி ஐந்து துண்டுகளாகப் பிரித்தார். ஒரே நாட்டின் பணக்காரக் குமிழி ஒரு மூலையிலும் ஏழைக் குமிழி இன்னொரு மூலையிலும் போய் நின்றன. சராசரி என்ற ஒற்றைக் குமிழிக்குள் இவ்வளவு தூரம் ஒளிந்திருந்தது. நம் நாட்டுக் குமிழியைப் பிரித்தாலும் அப்படித்தான். மலையகத் தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் கிடந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2007இல் கூகுள் ட்ரெண்டலைசரை வாங்கியது. நகரும் வரைபு யாரும் தம் விரிதாளில் சேர்க்கக்கூடிய மேலதிகக் கூறாக வந்தது. ஆனால் அது ஃபிளாஷ் என்ற மென்பொருளின் மேல் நின்றது. 2020 டிசம்பர் 31ஆம் திகதி ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது; அதை நம்பிய வரைபுகளும் அதோடு ஓய்ந்தன. கேப்மைண்டர் தன் கருவியை வேறு மொழியில் திரும்ப எழுதிக்கொண்டது. ரோஸ்லிங் அதற்கு முன்பே, 2017இல், காலமாகிவிட்டார்.

2011இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த டி3 என்ற இலவச நூலகம், நிரல் எழுதத் தெரிந்த எவரும் தமக்கு வேண்டிய வரைபைத் தாமே செய்யலாம் என்றாக்கியது. 2015இல் பொதுப் பாவனைக்கு வந்த பவர் பிஐயில் வெளியாட்கள் செய்த வரைபுகளையும் இணைத்துக்கொள்ளலாம். 2019 இறுதியில் அதில் சேர்ந்த 'பிரித்துக் காட்டும் மரம்' ரோஸ்லிங் உகண்டாவை உடைத்தது போல எந்தச் சராசரியையும் கிளை கிளையாக உடைக்கிறது. ஆசிரியர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது அதைத்தான். அது கைக்கு எட்டாவிட்டால் எக்செலில் உள்ள 'ஸ்லைசர்' போதும். நம் பாடசாலைப் பெறுபேற்றுத் தாளில் பிள்ளை வந்த நாட்கள் என்று ஒரு நிரலைச் சேர்த்து ஸ்லைசர் போட்டபோது, கணிதத்தில் 'பலவீனமான வகுப்பு' என்று பேசப்பட்டது வராத பிள்ளைகளின் பட்டியலாக மாறியது. பிறகு பேச்சு கணிதத்தை விட்டு, ஏன் வரவில்லை என்பதற்குப் போனது.

இப்போது அந்தப் பலகைக்கு வருவோம்.

பிளே பொத்தானை அமுக்கி இலங்கைக் குமிழியை மட்டும் கவனித்துப் பாருங்கள். எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். 1981இல் நாடு முழுக்கக் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் யுத்தத்தால் நடக்கவே இல்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. மீண்டும் நாடு முழுக்க எண்ணியது 2012இல். 1993, 2000 சுகாதார ஆய்வுகளிலும் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. ரோஸ்லிங்கின் விடையை இது பொய்யாக்காது, துருக்கியோடு இருந்த இடைவெளி அவ்வளவு பெரியது. ஆனால் குமிழி நிற்காமல் நகர வேண்டுமானால் எண்ணாத வருடங்களுக்கும் ஓர் எண் வேண்டும். அதை மதிப்பிட்டு நிரப்புகிறார்கள். கேப்மைண்டர் அதை மறைப்பதில்லை, தன் குறிப்புகளில் சொல்லியே இருக்கிறது. ஆனால் ஓடும் படத்தைப் பார்க்கிறவன் குறிப்பை எங்கே வாசிக்கிறான்?

போன தவணை கணினி அறையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு மன்னார் மாவட்டத்தை எடுத்தோம். புத்தளத்தில் இருந்துகொண்டு ஏன் மன்னார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1981இல் அங்கே ஒரு இலட்சத்து ஆறாயிரம் பேரளவில் இருந்தார்கள். 2012இல் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1991, 2001 கட்டங்களை வெறுமையாக விடச் சொன்னோம். வெறுமையான கட்டத்தை என்ன செய்வது என்று எக்செலில் ஒரு அமைப்பு உண்டு, யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. மூன்று தெரிவுகள்: இடைவெளி விடு, பூச்சியமாகக் காட்டு, இரு பக்கப் புள்ளிகளையும் கோட்டால் இணை.

முதலில் பூச்சியம் போட்டோம். கோடு தரையில் விழுந்தது. "சேர், எல்லாரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது.

பிறகு இணைத்துப் பார்த்தோம். அழகான கோடு. 31 வருடங்களில் மெல்ல மெல்ல ஆறேழாயிரம் பேர் குறைந்தது போல ஒரு சரிவு. பரீட்சைக் கட்டுரையில் 'படிப்படியான வீழ்ச்சி' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தச் சரிவுக்குள்தான் 1990 ஒக்டோபர் இருக்கிறது. வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேல் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டது அந்த மாதம்தான். அதே காலத்தில் மன்னார்த் தமிழர்கள் படகேறி இராமேஸ்வரம் போனதும் அதற்குள்தான் இருக்கிறது. பிறகு பிறந்தவர்கள், திரும்பிப் போனவர்கள், போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர்கள் எல்லாரும் அந்த ஒரே நேர்கோட்டில் அடங்கிவிடுகிறார்கள்.

கடைசியாக இடைவெளியைத் தெரிவு செய்தோம். கோடு 1981இல் நின்றது. 2012க்கு மேலே ஒற்றைப் புள்ளி தனியாகக் கிடந்தது. நடுவில் வெள்ளை. பார்க்க நன்றாக இல்லை என்றுதான் முன்வரிசைப் பிள்ளைகள் சொன்னார்கள். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு வரைபைப் போட்டால் தாளை முடித்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள்.

அந்த வெள்ளை இடத்துக்கு என்ன தலைப்பு எழுதலாம் என்று பிள்ளைகளிடம் விட்டோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று மட்டும் எதுவும் சொல்லாமல் அதை அச்செடுத்துத் தரக் கேட்டது, உம்மம்மாவிடம் காட்டவாம். மறுநாள் தாள் திரும்பி வந்தது. வெள்ளை இடம் முழுக்கப் பெயர்கள். பிள்ளையின் கையெழுத்துத்தான், ஆனால் சொல்லச் சொல்ல எழுதியது தெரிந்தது. வீட்டு முறைப்படி வரிசை: அப்பா, மூத்த மாமா, சாச்சி, பக்கத்து வீட்டார், கிணற்றடி வீட்டார். இடம் போதாமல் கடைசிப் பெயர்கள் 2012க்கு அப்பாலும் போயிருந்தன.