உலைக்குத் தாது கொடுத்த கட்டடம், இன்று பல்கலைக்கழக நூலகம்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த என் பெரியப்பா, 1990இல் இடம்பெயர்ந்து பல வருடங்கள் கழிந்த பிறகும் நாளை ‘சிப்ட்’ கணக்கில்தான் பிரிப்பார். ஒரு தொழிற்சாலை நின்றுபோனால், அதன் கட்டடங்களுக்கும் அங்கு உழைத்தவர்களின் நினைவுகளுக்கும் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் லக்சம்பேர்க்கின் பெல்வால் பற்றித் தேடி வாசித்தேன்.

பெல்வால், பிரான்ஸ் எல்லையோரம் எஷ் நகரில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிய உருக்காலை எழுந்தது. இத்தாலியிலிருந்தும் பின்னர் போர்த்துக்கலிலிருந்தும் குடியேறியவர்கள் இந்தப் பகுதியின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தார்கள். உருக்கு உற்பத்தி மின் உலைகளுக்கு மாறியதால், 1997இல் கடைசி ஊதுலை அணைந்தது. மூன்று ஊதுலைகளில் ஒன்றைக் கழற்றிச் சீனாவுக்கு விற்றுவிட்டார்கள். மற்ற இரண்டையும் நினைவுச் சின்னமாகக் காக்க அரசு முடிவெடுத்தது.

2002இல் இந்த நிலத்தை மீளமைக்கச் சட்டத்தின் மூலம் ஒரு பொது நிறுவனம் உருவானது. 2003இல் தொடங்கிய லக்சம்பேர்க் பல்கலைக்கழகம், 2015 முதல் இங்கே இடம்மாறியது. ஊதுலைகளுக்கான இரும்புத் தாதையும் கற்கரியையும் சேமித்துக் கலந்த ‘மொல்லரை’ கட்டடம், 2018இல் பல்கலைக்கழக நூலகமாகத் திறக்கப்பட்டது.

பழைய ஆலைகள் நூலகங்களுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அவற்றின் கூடங்கள் விசாலமானவை, உயரமானவை. புத்தகங்கள் பாரமானவை, ஆலைக் கட்டடங்களோ பாரம் தாங்கவே கட்டப்பட்டவை. சிரமங்களும் குறைவல்ல. மாசடைந்த மண்ணையும் அஸ்பெஸ்டசையும் அகற்ற வேண்டும். துருப்பிடித்த இரும்பைச் சோதிக்க வேண்டும். வெளிச்சமும் தீப்பாதுகாப்பும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். சில வேளைகளில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மலிவு.

எங்கள் கதை வேறு. பெல்வாலின் ஊதுலைகளை அணைத்தது தொழில்நுட்ப மாற்றம். காங்கேசன்துறை ஆலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் நிறுத்தியது போர். பரந்தன் இருக்கும் கிளிநொச்சி மாவட்டத்திலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இயங்குகிறது. அதற்காக அந்தத் தொழிற்சாலையை வளாகமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே மீண்டும் உற்பத்தி நடப்பதையே பலர் விரும்பக்கூடும், அதுவும் நியாயம்தான்.

ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும், எதை வைத்திருப்பது என்ற முடிவு முதலில் எடுக்கப்பட வேண்டும். பழைய இரும்பாக விற்ற பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. எந்த இயந்திரம் எங்கே நின்றது, யார் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களை இருத்தி ஒலிப்பதிவு செய்யவும், வரைபடம் கீறி வாங்கவும் பெரிய நிதி தேவையில்லை. பெரியப்பாவிடம் நான் அதைச் செய்யவில்லை. அவர் இப்போது இல்லை.